டாக்டர் ஊரில் இல்லை, அம்மாவின் மாத்திரை தீரப்போகிறது: இணையம் வழி வாங்கலாமா?

ஜொகூர் பாருவில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), கொலஸ்ட்ரால் மூன்றும் உண்டு. பல வருஷமாக டவுனில் ஒரே தனியார் கிளினிக்கில்தான் மருந்து எடுக்கிறார். அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார், கிளினிக் இரண்டு வாரம் மூடல். மாத்திரை இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும். ஃபார்மசியில் கேட்டால் சீட்டு இல்லாமல் தர முடியாது என்கிறார்கள். இணையத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கலாமா, இல்லை ஆன்லைனில் விற்கிறவர்களிடமே நேராக வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில், வாங்கலாம். இரண்டாவதற்குப் பதில், வேண்டவே வேண்டாம். நான் பேராக்கில் சிறு டவுன்களில் மருந்தாளுநராக வேலை பார்த்தவன். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் வெறும் பிளாஸ்டிக் பையை நீட்டிக்கொண்டு கவுண்டரில் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில், ஃபார்மசியில் ஏன் மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் நச்சுச் சட்டம்தான் மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. அதில் பி பிரிவு என்று ஒன்று உண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரைகள், கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் வகைகள், ஆன்டிபயாட்டிக் எல்லாம் அந்தப் பிரிவில் வருகின்றன. டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் அவற்றை மருந்தாளுநர் கொடுத்தால் அவர்மேல்தான் குற்றம். சி பிரிவு என்று இன்னொன்று இருக்கிறது. அதில் உள்ளதை மருந்தாளுநரே விசாரித்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத் தரலாம். அதனால் "சீட்டு இல்லையென்றால் எதுவும் கிடைக்காது" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அம்மாவின் எல்லா மருந்துகளையும் மேசையில் வைத்து, இதில் எதை உங்களால் தர முடியும், எதற்குச் சீட்டு வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் கவுண்டரில் நிற்கும் உதவியாளரிடம் இல்லை, மருந்தாளுநரிடம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தனியார் கிளினிக்கில் டாக்டரே பார்த்து, அங்கேயே மருந்தையும் கொடுத்துவிடுகிறார். நோயாளி கையில் சீட்டு என்ற ஒன்றே இருப்பதில்லை. கேட்டால் எழுதித் தருவார்கள், ஆனால் யாரும் கேட்பதில்லை. டாக்டர் இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. அவர் இரண்டு வாரம் போய்விட்டால்தான் அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இருந்த காலத்தில் எந்த லயத்தில் யாருக்கு என்ன மருந்து என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் டவுன் பக்கம் வந்த பிறகு அந்த ஞாபகம் ஒரு தனி டாக்டரின் கிளினிக்கில் உள்ள அட்டைக்குள் போய்விட்டது. அட்டை பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இணையத்தில் வரும் டாக்டருக்கு அந்த அட்டையில் இருப்பதை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை சுலபமாக முடியுமா, இழுபறியாகுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

அதற்கு முன் ஒரு விஷயம். எந்த மாத்திரை தீர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு அவசரம் என்பதும். ரத்தக் கொதிப்பு மாத்திரையான அம்லோடிபின் உடம்பில் மெதுவாகத்தான் குறையும், ஒரு நாள் தவறினால் உடனே ஆபத்து வந்துவிடாது. கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான். தைராய்டு மாத்திரை லெவோதைராக்ஸின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆனால் ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலோல், மெட்டோபுரோலோல், பைசோபுரோலோல் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே வரலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரலை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. வலிப்பு மருந்து, நீண்ட நாள் சாப்பிடும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, இன்சுலின் ஆகியவையும் இதே வரிசைதான். இவற்றில் ஏதாவது இன்றோ நாளையோ தீரப்போகிறது என்றால் இணைய டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள். நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ அடுத்த கிளினிக்குக்கோ போங்கள். சுங்கை சிப்புட்டிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, ஈப்போவும் தூரமில்லை.

மூன்று நாள் மருந்தை ஒரு வாரம் இழுக்கலாம் என்று அம்மா பாதிப் பாதியாகச் சாப்பிட ஆரம்பித்திருப்பார், போன் போட்டுக் கேளுங்கள். நம் அம்மாக்கள் பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று இதைச் சொல்லாமலே செய்வார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே வெள்ளை மாத்திரைதான் என்று கடன் வாங்கவும் கூடும். இரண்டும் வேண்டாம். வெள்ளையாக, வட்டமாக இருக்கும் மாத்திரைகள் ஆயிரம் இருக்கின்றன.

சரி, இணைய டாக்டரிடம் போவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

மருந்துப் பைகளை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பையின் மேல் ஒட்டிய லேபிளில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எவ்வளவு சாப்பிட வேண்டும், தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் சில பைகளில் "டாரா திங்கி, பாகி 1" (ரத்தக் கொதிப்பு, காலையில் 1) என்று மலாயில் பேனாவில் கிறுக்கியதைத் தவிர வேறொன்றும் இருக்காது. அப்போது உள்ளே இருக்கும் பட்டையைப் பாருங்கள். பட்டையின் பின்பக்கத்து வெள்ளித்தாளில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். பட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தால் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், எண் மட்டும் மிஞ்சியிருக்கும். பழைய காலிப் பட்டைகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் அதில் முழுப் பெயர் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கைப்பேசியில் படம் எடுக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

இந்த எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரே மருந்து வேறு வேறு எண்ணில் வருகிறது. ரத்தக் கொதிப்புக்கான பெரிண்டோபிரில், மருந்தோடு சேர்க்கும் வேதி உப்பைப் பொறுத்து, ஒரு வகையில் 4 மில்லிகிராம், இன்னொரு வகையில் 5 மில்லிகிராம். இரண்டும் வேலையில் ஒன்றுதான். அம்மா 4 சாப்பிட்டுக்கொண்டிருந்து இப்போது 5 வந்தால், "டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார்" என்று பயந்து சாப்பிடாமல் வைத்துவிடுவார். இனிப்பு நீருக்கான கிளிக்கிளாசைடு அதைவிட விவகாரமானது. சாதாரண வகை 80 மில்லிகிராம் மாத்திரை, மெதுவாகக் கரையும் எம்ஆர் வகையில் 30 மில்லிகிராமுக்குச் சமம். எம்ஆர் என்ற இரண்டு எழுத்தைச் சொல்ல மறந்து எண்ணை மட்டும் சொன்னால் அளவு தப்பாகிவிடும். அளவு கூடினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மினிலும் 500, 850 என்று அளவும், எக்ஸ்ஆர் என்று மெதுவாகக் கரையும் வகையும் உண்டு.

அப்புறம், எண்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டரால் அம்மாவின் கையில் அழுத்தமானியைக் கட்ட முடியாது. அதை நீங்கள் செய்து கொடுத்தால் அவருக்குத் தைரியமாக எழுத முடியும். வீட்டில் கருவி இல்லை என்றால் டவுன் ஃபார்மசிகளில் இருக்கும். காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு அளக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து அளந்தால் கூடத்தான் காட்டும். இரண்டு நாள் அளவையும், முடிந்தால் பசியாறுவதற்கு முன் எடுத்த சர்க்கரை அளவையும் எழுதி வையுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் எங்காவது கிடக்கும். அதில் எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரி), சிறுநீரக அளவான கிரியேட்டினின், பொட்டாசியம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிண்டோபிரில், மெட்ஃபார்மின் இரண்டும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டிய மருந்துகள். அறிக்கை ரொம்பப் பழையது என்றால் டாக்டர் புதிதாக எடுக்கச் சொல்லலாம். பணம் பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள், அது நியாயமான கேள்வி. எந்த மருந்தாவது அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா என்பதையும், ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு என்று விற்கும் சில ஜாமுக்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அது சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

இவ்வளவும் கையில் இருந்தால் ஆலோசனை சீக்கிரம் முடிந்துவிடும். மலேசியாவில் டாக்டர்ஆன்கால், டாக்டூஅஸ் போன்ற சேவைகள் இருக்கின்றன. பெரிய ஃபார்மசிக் கடைகள் சிலவும் இணையம் வழி டாக்டரை ஏற்பாடு செய்கின்றன. எதை எடுத்தாலும், டாக்டரின் பெயரைக் கேட்டு மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் தேடலாம். அந்த ஆண்டுக்குத் தொழில் செய்யும் சான்றிதழ் அவருக்கு உண்டா என்பது அதில் தெரியும். டாக்டரின் பெயரைச் சொல்லாமலே "மருந்து அனுப்புகிறோம், பணத்தை மாற்றுங்கள்" என்கிற இடத்தை விட்டு விலகுங்கள். தொலைமருத்துவத்துக்கென்று 1997-இல் ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, ஆனால் அது அமலுக்கு வரவே இல்லை. அதனால் இணைய டாக்டரும் கிளினிக் டாக்டரும் ஒரே மருத்துவச் சட்டத்துக்கும் மருத்துவ மன்றத்தின் நெறிமுறைக்கும்தான் கட்டுப்பட்டவர்கள். திரையில் பார்த்தாலும் பொறுப்பு அதே பொறுப்புதான்.

நீங்கள் ஜொகூரில் இருந்துகொண்டு அம்மா சார்பில் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அம்மா அழைப்பில் இருக்க வேண்டும். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று அவரிடமே கேட்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ அம்மாவுக்குச் சரளமாக வராது என்றால் நீங்களும் அதே அழைப்பில் சேர்ந்து மொழிபெயர்த்துக் கொடுங்கள். தமிழ் பேசும் டாக்டர் கிடைப்பாரா என்று முதலிலேயே கேட்டுப் பார்க்கலாம். செம்பனைக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வரும். டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து பேசுவது நல்லது.

எவ்வளவு மருந்து கேட்க வேண்டும் என்பதில் என் கருத்து இது. மூன்று மாதத்துக்குக் கேட்காதீர்கள். "எங்கள் டாக்டர் இந்தத் தேதியில் திரும்புகிறார், அதுவரை அதே மருந்து, அதே அளவு வேண்டும்" என்று கேளுங்கள். கிளினிக் திறந்த பிறகு போக ஒரு வாரம் கூட்டி, மூன்று வாரம் போதும். முன்பின் பார்க்காத நோயாளிக்குக் கொஞ்ச நாள் மருந்தைத் தொடர்ந்து எழுத எந்த டாக்டரும் அவ்வளவாகத் தயங்க மாட்டார். நீண்ட நாளுக்கு எழுதினால், அம்மாவை நேரில் பரிசோதிக்காமலே மாதங்கள் ஓடிவிடும் என்ற பயம் அவருக்கு இருக்கும், அது சரியான பயம்.

சில மருந்துகளை அவர் எழுதவே மாட்டார். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரஸோலம், டயஸிபாம் போன்றவற்றுக்கு 1989-ஆம் ஆண்டின் தனி விதிமுறைகள் உண்டு. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறையும் அளவைப் பார்க்காமல் எழுத முடியாது. இவற்றையும் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதால் நேரில் போவதுதான் வழி.

டாக்டர் எழுதிய பிறகு மருந்து இரண்டு விதமாக வரும். ஒன்று, அவர்களோடு சேர்ந்த ஃபார்மசி வீட்டுக்கு அனுப்பும். இன்னொன்று, மின்சீட்டை வைத்து உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஃபார்மசியில் வாங்குவது. மூன்று நாள் மட்டும் கையிருப்பு உள்ளபோது நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தோட்டத்து வீடுகளுக்கு வீட்டு எண் சரியாக இருக்காது, கூரியர்காரர் அலைவார், இடையில் வார இறுதி வந்தால் அதோடு போயிற்று. எந்த ஃபார்மசி அந்த மின்சீட்டை ஏற்கும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சீட்டில் டாக்டரின் கையெழுத்து, தேதி, முகவரி, நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் அளவு எல்லாம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தைக் காட்டினால் மருந்தாளுநர் மறுப்பார், மறுக்கவும் வேண்டும். கட்டணத்தையும் பிரித்துக் கேளுங்கள்: ஆலோசனைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, அனுப்ப எவ்வளவு என்று. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் ஃபார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இப்போது அந்த இன்னொரு கேள்வி. இணையச் சந்தையிலும் முகநூலிலும் இதே மாத்திரைகள் சீட்டில்லாமல், விலை மலிவாகக் கிடைக்கும். உரிமம் இல்லாதவர் விற்பது குற்றம் என்பது ஒரு பக்கம். வெயிலில் எத்தனை நாள் கிடந்தது, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்கும். பி, சி பிரிவு போன்ற நச்சுப் பட்டியல் மருந்துக்கு அந்த எழுத்து ஏ (A), பாரம்பரிய மருந்துக்கு டி (T). பெட்டியில் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். இவை இல்லாத எதையும் அம்மா வாயில் போடக்கூடாது.

இணையத்துக்குப் போகும் முன் இன்னும் இரண்டு கதவுகளைத் தட்டிப் பாருங்கள் என்றும் சொல்வேன். முதலாவது, அதே கிளினிக்கின் தொலைபேசி. மூடியிருந்தாலும் அங்கே வேலை செய்யும் அக்கா அழைப்பை எடுக்கலாம். அவரால் மருந்து கொடுக்க முடியாது, ஆனால் அட்டையைப் பார்த்து மருந்துப் பட்டியலைச் சொல்ல டாக்டரிடம் அனுமதி வாங்கித் தரலாம். அந்தப் பட்டியலோடு டவுனில் அடுத்த கிளினிக்குக்குப் போனால் வேலை அன்றைக்கே முடிந்துவிடும். இரண்டாவது, அரசாங்கச் சுகாதார கிளினிக். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அம்மாவின் மூன்று நோய்களுக்கும் நிரந்தரமாகப் பதிந்துவிட்டால், டாக்டர் லீவு போனார் என்ற பிரச்சினையே இல்லை. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் இருப்பார், அட்டை அங்கேயே இருக்கும். தொடர் மருந்தை வேறு ஊர் அரசாங்க கிளினிக்கில் எடுத்துக்கொள்ள எஸ்பியூபி என்ற முறை உண்டு. தீபாவளிக்கு அம்மா ஜொகூர் வந்து ஒரு மாதம் தங்கினாலும் அங்கேயே மருந்து எடுக்கலாம், முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். தபாலில் அனுப்பும் "உபாட் மெலாலுய் போஸ்" சேவையும் இருக்கிறது. இன்சுலின் போலக் குளிர்ச்சியில் வைக்க வேண்டியதற்கு அது ஒத்துவராது.

அரசாங்கத்தின் மடானி மருத்துவத் திட்டத்தில் இந்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அது காய்ச்சல், இருமல் போன்ற திடீர் உபாதைகளுக்காக 2023-இல் வந்தது. நீண்ட கால நோய்க்கான மருந்தை அதில் வாங்க முடியாது, அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இதற்கிடையில் அம்மாவுக்கு அழுத்தம் 180/110-ஐத் தாண்டி, கூடவே கடுமையான தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருந்தால், அல்லது வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், எந்த டாக்டருக்கும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால், நினைவோடு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

மருந்து கைக்கு வந்ததும், பழைய பட்டையையும் புதிய பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி மாறியிருக்கும், நிறமும் மாறியிருக்கும், அது பரவாயில்லை. மருந்தின் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்பதை மட்டும் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் முதல் மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன்பே கொடுத்த மருந்தாளுநரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பழையதில் மிச்சம் இருந்தால் புதியதோடு கலந்து வைக்க வேண்டாம், ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தடவை சாப்பிடுவது இப்படித்தான் நடக்கிறது.

உங்கள் டாக்டர் திரும்பியதும் இணைய டாக்டர் எழுதிய சீட்டை அவரிடம் கொடுத்து அட்டையில் சேர்க்கச் சொல்லுங்கள். அதே வருகையில், அம்மாவின் மருந்துகளுக்கு ஒரு சீட்டும் எழுதி வாங்குங்கள். எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளியில் திரும்ப வாங்கலாம் என்று டாக்டர் அதில் குறிப்பிட்டால், அந்தக் கணக்குப்படி ஃபார்மசி மறுபடி மறுபடி கொடுக்கலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. குறிப்பிடாவிட்டால் ஒரு தடவையோடு சரி. அதனால் அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறாரா என்று கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.